ஏழு வாரமாகச் சாப்பிடாதது

நவம்பர் 4, 2024 – திங்கள்

மிஷெல் இன்றும் சாப்பிடவில்லை. இதோடு ஏழு வாரம்.

உறையவைத்த ஐஸ் எலியை வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, இடுக்கியில் பிடித்து, உயிரோடு இருப்பதுபோல அதன் மூக்குக்கு நேரே ஆட்டினேன். தலையைத் திருப்பிக்கொண்டது. பிறகு பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே வைத்துக்கொண்டது. இப்படிப் பந்தாகிவிடுவதால்தான் இந்தப் பாம்புக்குப் பால் பைதான் என்று பேர். குடிக்கிற பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கூண்டுக் கார்டில் தேதி எழுதிப் பெருக்கல் குறி போட்டேன். சாப்பிட்டால் டிக், சாப்பிடாவிட்டால் பெருக்கல். பக்கத்துக் கூண்டில் இருக்கும் ஆரஞ்சுக் கலர் கார்ன் ஸ்நேக்குக்கு வாரம் தவறாமல் டிக். முதல் பெஞ்சுப் பையன் மாதிரி. மிஷெல் கார்டு என் செமஸ்டர் மார்க் ஷீட் மாதிரி.

மிஷெலை வளர்த்தவன் பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள வீட்டுப் பையன். செப்டம்பரில் குடும்பத்தோடு பாரீஸ் போனபோது கடையில் இறக்கிவிட்டுப் போனான். பிரான்சுக்குப் போகிறவர்கள் இந்த ஊரில் எதையாவது விட்டுவிட்டுத்தான் போவார்கள். நாய், பியானோ, பெரியவர்கள். இவன் பாம்பை விட்டான். அன்றிலிருந்து அது வாயைத் திறக்கவில்லை.

முதலாளி விஜயராகவன் அண்ணன் கடையைச் சாத்தும்போது சொன்னார். "டேய் அருண், அந்த உருண்டைய யார் தலையிலயாவது கட்டுடா. கடையில செத்துத் தொலைக்கப் போவுது."

உப்பளத்தில் மீன் தொட்டியும் லவ் பேர்ட்ஸும் விற்கிற கடை. காலேஜை விட்டபிறகு எனக்கு இது ஐந்தாவது வேலை. மூன்று மாதம் தாண்டியது இது ஒன்றுதான்.

நவம்பர் 8 – வெள்ளி

கட்டிவிட்டேன்.

மத்தியானம் ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தார்கள். தவளக்குப்பத்துக்கு உள்ளே ஏதோ ஊர். அவர் பேர் அருள்முருகன், கம்பெனி வேலை, ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. அந்த அக்கா பேர் கலைவாணி. முப்பது வயசுக்குள்தான் இருக்கும். நேராகப் பின்பக்கம் வந்தார்.

"நல்ல பாம்பு இருக்குமா தம்பி?"

"நம்ம ஊரு பாம்பு எதையும் விக்கக் கூடாதுக்கா. வீட்டுல வச்சிருந்தாலே உள்ள போட்டுடுவாங்க. இது ரெண்டும் வெளிநாடு. வளக்கலாம்னு கவர்மென்ட் பேப்பர் இருக்கு."

"பேப்பர் வச்சிருக்கிற பாம்பு வந்தா தோஷம் போவுமான்னு ஜோசியர ஒரு வார்த்த கேட்டுக்கலாம்" என்றார் புருஷன். அக்கா ஒரு பார்வை பார்த்தார். அவர் மீன் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

எதற்குப் பாம்பு என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

கல்யாணமாகி வந்த புதுசில் சமையல்கட்டில் ஒரு பாம்பு. வீட்டில் யாரும் இல்லை. விறகுக் கட்டையால் அடித்துவிட்டார். சாரை. "அது பாட்டுக்குப் போயிருக்கும் தம்பி. நான்தான் கதவச் சாத்திட்டு அடிச்சேன்." அதற்கப்புறம் வயிற்றில் தங்கிய பிள்ளை நாலாவது மாதம் போய்விட்டது. ஜோசியர் கல் நாகம் வைக்கச் சொன்னார். அரசமரத்தடியில் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் பால் ஊற்றினார்கள்.

"கல்லுக்குப் பசிக்காதே. ஒண்ண அடிச்சுட்டேன். ஒண்ண பசியில்லாம வளக்கணும். ஜோசியர் சொல்லல, எனக்கா தோணுச்சு."

பிறகு சொன்னார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. மொத தடவ வளக்குறவங்களுக்கு எது சரின்னு நீதான் சொல்லணும்."

கல்லாவில் இருந்து அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆரஞ்சுதான் சரி. எனக்குத் தெரியும். வாரம் ஒரு எலி, தொந்தரவில்லை, நம் ஊர் வெயிலுக்கும் தாங்கும். முதல் பாம்பு வாங்குகிறவன் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று – அது சாப்பிடுகிறதா. நிறமில்லை, குணமில்லை. பாம்பு அழாது, குரைக்காது. அது நன்றாக இருக்கிறது என்பதற்கு அது தின்பதுதான் அடையாளம்.

நான் மிஷெலைக் காட்டினேன்.

"இதுதான்கா. சாது. கடிக்கவே கடிக்காது. புதுசா வளக்குறவங்களுக்கு எல்லாரும் இதத்தான் சொல்வாங்க."

அக்கா குனிந்து பார்த்தார். மிஷெல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"பயப்படுது பாவம். நல்லா சாப்பிடுமா?"

"சாப்பிடும்கா."

சொல்லிக்கொண்டே கூண்டுக் கார்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வெளியே வந்து கிழித்துச் சாக்கடையில் போட்டேன்.

நான் பொய் சொல்லவில்லை. சாப்பிடும். எப்போது என்று அவர் கேட்கவில்லை.

நவம்பர் 9 – சனி

மிஷெல், கண்ணாடித் தொட்டி, கரண்டில் சூடேறும் பலகை, ஐஸ் எலி எல்லாம் கடை வண்டியில் கட்டிக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். டீ கொடுத்தார்கள். மிக்சர் வைத்தார்கள். கடைக்குத் திரும்பியதும் அண்ணன் என்னை 'வியாபாரி' என்று கூப்பிட்டார். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

நவம்பர் 10 – ஞாயிறு

அம்மாவோடு மாதா கோயில் பூசைக்குப் போனேன். பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் தெரியாது.

நவம்பர் 15 – வெள்ளி

அக்கா போன். எலி வைத்தார்களாம். தொடவில்லையாம்.

"புது எடம்கா. ரெண்டு வாரம் அப்படித்தான் இருக்கும். எல்லாப் பாம்பும் அப்படித்தான்."

"அப்படியா. சரி. அதுவரைக்கும் நானும் பொறுத்துக்கறேன்."

என்ன பொறுத்துக்கொள்கிறார்? புரியவில்லை. கஸ்டமர் வந்துவிட்டார்கள், வைத்துவிட்டேன்.

நவம்பர் 18 – திங்கள்

கூடப் படித்தவன் எழிலரசன் ஃபைனல் இயர் புராஜெக்ட் படம் போட்டிருக்கிறான். லைக் போட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். பிறகு மறுபடி போட்டேன்.

காலேஜை விட்டதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. நாலு மாதம் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, வைத்திக்குப்பத்தில் படகு நிழலில் உட்கார்ந்துவிட்டு, சாயந்தரம் வீட்டுக்குப் போனேன். "காலேஜ் எப்படிடா இருக்குது" என்று அம்மா கேட்பாள். "இருக்குது" என்பேன். அதுவும் பொய் இல்லைதான். காலேஜ் அங்கேயேதான் இருந்தது.

நவம்பர் 22 – வெள்ளி

தவளக்குப்பம் போய்ப் பார்த்தேன்.

பாம்பை டி.வி. பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். தொட்டிக் கண்ணாடியில், சாமிக்கு நெற்றியில் வைப்பதுபோல, குங்குமம். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. நான் போனபோது மூன்று பெண்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை கண்ணாடியைத் தட்டியது. தொட்டிக்குள்ளே கிண்ணத்தில் பால்.

"பால் குடிக்காதுக்கா."

"தெரியும். நீ சொன்ன. மனசு கேக்கல."

தொட்டியைப் படுக்கையறை மூலைக்கு மாற்றினேன். மூன்று பக்கமும் அட்டை வைத்து மறைத்தேன். ஒளிந்துகொள்ள ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். இதெல்லாம் செய்தால் சில பாம்பு சாப்பிடும். இது சாப்பிடும் என்று நானே ஒரு நிமிஷம் நம்பினேன்.

ஐஸ் எலி ஃப்ரீசரில் இட்லி மாவுக்கு மேல் தட்டில் இருக்கிறது. மாமியார் ஆதிலட்சுமி அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "என் வூட்டு ஐஸ் பொட்டியில எலி. பாத்துக்க. ஊருல எலிய வூட்ட விட்டுத் தொரத்துவாங்க. நாங்க காசு குடுத்து வாங்கி வச்சிருக்கறோம்."

சிரித்தேன். அவரும் சிரித்தார். டீ போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அது எப்பப்பா திங்கும்? அது திங்கற வரைக்கும் இவளும் ஒரு வேளைதான் திங்கறா. கேட்டா, அதுக்குப் பசிக்கும்போது எனக்கு மட்டும் எப்படி எறங்கும்ங்கறா."

டீயை முழுக்கக் குடித்தேன். மிக்சரும் தின்றேன்.

நவம்பர் 23 – சனி

ஒரு வேளைதான் என்றால் தினமுமா?

டிசம்பர் 1 – ஞாயிறு

புயல். நேற்று ராத்திரி முழுக்க ஊற்றியது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கட்டிலின் மேல் மிக்சி, அடுப்பு, மாதா சுரூபம், அம்மா, நான். கரண்ட் இல்லை. போனில் பத்து பர்சென்ட்.

அக்காவிடமிருந்து மெசேஜ். சூட்டுப்பலகைக்குக் கரண்ட் இல்லாததால் பாட்டிலில் வெந்நீர் பிடித்து, துணி சுற்றி, மாற்றி மாற்றித் தொட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறாராம். நேற்று சாயந்தரத்திலிருந்து.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பாட்டில். யாருக்காக. ஏற்கெனவே பதினோரு வாரமாகப் பட்டினி கிடக்கிற, என்னால் அவர் தலையில் கட்டப்பட்ட ஒன்றுக்காக.

'படுங்கக்கா, அதுக்கு ஒண்ணும் ஆகாது' என்று அனுப்பினேன். போன் செத்தது.

டிசம்பர் 4 – புதன்

கரண்ட் வந்துவிட்டது. கடையில் பாதி மீன் செத்து மிதந்தது. வாளி வாளியாக அள்ளினேன்.

அக்கா போனில் கேட்டார். "பொயலாலதான் சாப்பிடலையா தம்பி?"

"ஆமாங்க்கா."

புயலுக்கு நன்றி சொல்கிற ஒரே ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

டிசம்பர் 6 – வெள்ளி

அண்ணனிடம் கேட்டேன். அந்த பைதானைத் திருப்பி வாங்கிக்கொண்டு கார்ன் ஸ்நேக்கைக் கொடுத்துவிடலாமா என்று.

"இன்னாத்துக்கு?"

"சாப்பிட மாட்டேங்குதுண்ணே. அந்தக்கா பாவம்."

"நம்ம கடையில மட்டும் விருந்தா சாப்டுச்சு? கேட்டாங்கன்னா அவங்க வீட்டு ராசி சரியில்லன்னு சொல்லு. டேய், வித்தது வித்ததுதான். நீ பாட்டுக்கு அங்க போய் எதையாவது உளறி வைக்காத. இந்த வேலையும் போச்சுன்னா உங்கம்மா என்கிட்டதான் வந்து அழும்."

'அவங்க வீட்டு ராசி.' அந்த வார்த்தை அக்கா காதில் விழுந்தால் என்னாகும் என்று இவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

டிசம்பர் 13 – வெள்ளி

கார்த்திகை தீபம். தவளக்குப்பம் வரைக்கும் வாசலெல்லாம் அகல் விளக்கு.

அக்கா இளைத்துவிட்டார். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குகிறது. மிஷெலைத் தூக்கிப் பார்த்தேன். அதுவும் இளைத்திருக்கிறது, முதுகெலும்பு கையில் தட்டுகிறது. ஆனால் பாம்பு தாங்கும். அது ஆறு மாதம் கூடத் தாங்கும். மனுஷிக்கு அந்தக் கணக்கு இல்லை.

ஆதிலட்சுமி அம்மா என்னை வாசலுக்கு அழைத்து வந்தார்.

"உன்கிட்ட சொல்லறதுக்கு இன்னா. நீ அவளுக்குத் தம்பி மாதிரி. தலைக்கு ஊத்தி நாப்பத்தஞ்சு நாளாச்சு. டாக்டரு பாத்துட்டாங்க, தங்கியிருக்குது. இப்பவாச்சும் ரெண்டு வேள சோறு தின்னுடின்னு கால்ல விழாத கொறையா கெஞ்சறேன். முந்தா நாளு கொல்லப்பக்கம் மயக்கம் போட்டு வுழுந்தா."

அக்கா உள்ளேயிருந்து கேட்டுவிட்டார். "இப்பதான் அத்த முக்கியம். இப்ப விட்டா போன தடவ மாதிரியே ஆயிடும். அது ஒரு வாயி தின்னுட்டா போதும், நான் மூணு வேளையும் திங்கறேன்."

"நீயாச்சும் சொல்லுப்பா" என்றார் அந்த அம்மா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா. "அடுத்த வாரம் சாப்பிடும்னு நெனைக்கறேன்" என்று சொன்னேன்.

டிசம்பர் 14 – சனி

சொல்லித் தொலைய வேண்டியதுதானே. ஒரு வரி. 'அக்கா, அது கடையிலேயே ஏழு வாரமா சாப்பிடல.' அவ்ளோதான். இதுல இன்னா கஷ்டம்? வாய் வரல. அங்க உக்காந்தா டீதான் உள்ள போவுது, வார்த்த வெளிய வரல.

வேல போயிடும்னு பயமா? போனா போவுது. நாலு வேல விட்டவன்தானே. அது இல்ல. அந்தக்கா என்னப் பாக்குற பார்வ இருக்குதே – எனக்கு ஒண்ணும் தெரியாது, நீதான் சொல்லணும்னு. வாழ்க்கைல என்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல. அது போயிடும்.

அதுக்காக ஒரு பொம்பள பட்டினி கெடக்கணுமா? வயித்துல புள்ளயோட?

நீ ஒரு நாய்டா அருண்.

டிசம்பர் 15 – ஞாயிறு

கிறிஸ்மஸுக்கு முன்னால் எல்லாரும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று அம்மா இழுத்துக்கொண்டு போனாள். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர். ஆறு பேர். மூன்று பேர்.

சாமியாரிடம் சொன்னால் எனக்கு மன்னிப்பு கிடைக்கும். அக்காவுக்குச் சோறு கிடைக்காது.

வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். "எங்கடா போற" என்று அம்மா கோயில் என்றும் பார்க்காமல் கத்தினாள்.

வீட்டுக்கு வந்து மெசேஜ் அடித்தேன். அழித்தேன். போனில் சொல்லக் கூடாது. படிக்கும்போது அவர் எங்கே இருப்பாரோ, யார் பக்கத்தில் இருப்பார்களோ.

டிசம்பர் 17 – செவ்வாய்

சொல்லிவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நாளைக்கு நானே மாற்றிக்கொள்ளக் கூடாது.

காலை பதினொரு மணி. அருள்முருகன் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆதிலட்சுமி அம்மா டீ போட எழுந்தார். வேண்டாம் என்றேன். அதற்கே எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அக்கா, அது கடையிலேயே சாப்பிடல. உங்ககிட்ட குடுக்கறதுக்கு முன்னாடியே ஏழு வாரம். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

அக்கா கீரையைப் பார்த்தார். பிறகு மாமியாரைப் பார்த்தார்.

"நீங்க சொல்லச் சொன்னீங்களா?"

"நான் எதுக்குடி சொல்லச் சொல்லப் போறேன்."

"அப்ப நீங்க" என்று புருஷனைக் கேட்டார். அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினார். அக்கா சிரித்தார். "தம்பி, நான் சாப்பிடணும்னு சொல்லற. நல்ல மனசு உனக்கு. ஆனா பொய் சொல்லாத. நல்லா சாப்பிடும்னு அன்னைக்கு நீதானே சொன்ன."

நம்பவில்லை.

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. திட்டுவார், அழுவார், செருப்பு வரும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். நம்பமாட்டார் என்று நினைக்கவில்லை. மாதாமேல் சத்தியமாக என்றேன். சிரிப்புதான். காட்டுவதற்குக் கார்டும் இல்லை, நானே கிழித்துச் சாக்கடையில் போட்டது.

போனை எடுத்தேன். அண்ணனுக்குப் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்துத் தரையில், கீரை முறத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இன்னாடா, எங்க இருக்க? கடையத் தொறக்க நான் வரணுமா?"

"அண்ணே, அந்த பால் பைதான் நம்ம கடையில எத்தினி வாரம் சாப்பிடாம இருந்துச்சு?"

"எது, அந்த உருண்டையா? ஏழு வாரம். கார்டு எழுதினதே நீதானடா, என்னக் கேக்குற. அதான் தவளக்குப்பத்துப் பொம்பள தலையில கட்டியாச்சே, அப்பறம் இன்னா அதப் பத்தி? செத்தா அவங்க வளத்த லட்சணம்னு வுட்டுடு. சீக்கிரம் வா, தொட்டி கழுவணும்."

வைத்துவிட்டார்.



"அப்ப நான் எதுவும் பண்ணல" என்றார் அக்கா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. மறுபடி, "என் கை படறதுக்கு முன்னாடியே அது அப்படித்தான்."

"ஆமாங்க்கா."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். "முப்பத்தெட்டு நாளு. எத்தினி தடவ வந்த. இதோ, இங்கதான் உக்காந்த. அத்த எனக்கு ஊத்துன டீய வேணாம்னு வச்சுட்டு உனக்குக் குடுத்தேன். குடிச்ச."



அருள்முருகன் அடிக்க வந்தார். அக்கா "விடுங்க" என்றார். ஆதிலட்சுமி அம்மா எழுந்து வந்து என் எதிரில் நின்றார். "சாபம் உடலாம்னு வாயி வருது. வயித்துப் புள்ளக்காரி இருக்குற வூடு, நான் எதையும் சொல்லல. இந்த வாசப்படிய இனிமே மிதிக்காத."

"அதையும் எடுத்துக்கிட்டுப் போ" என்றார் அக்கா.

மிஷெலைத் தலையணை உறையில் போட்டு முடிச்சுப் போட்டேன். வண்டியைக் கிளப்பும்போது அக்கா வாசலில் நின்றார்.

"அத இன்னா பண்ணுவ? திரும்பக் கடையிலயா?"

"இல்லக்கா. நானே வச்சுக்கறேன்."

"நீயா" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

சாப்பிட்டாரா இல்லையா, தெரியாது.

டிசம்பர் 18 – புதன்

வேலை போய்விட்டது. நான் விட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். துரத்தினார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலேஜ் விஷயம் தெரிந்த அன்றுகூட இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு இப்ப சாப்புடுதா" என்றாள். தெரியாது என்றேன். பிறகுதான் கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்தாள்.

"ஏன்டா, மாதா சுரூபத்துல காலுக்குக் கீழ மிதிபட வேண்டிய பாம்பக் கட்டிலுக்குக் கீழ வச்சிருக்க?"

"அந்தப் பாம்பு வேறம்மா."

"எல்லாம் ஒரே குடும்பந்தான்" என்றாள். ஆனால் எடு என்று சொல்லவில்லை.

டிசம்பர் 20 – வெள்ளி

மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் காட்டினேன். லைட் அடித்து வாயைப் பார்த்தார், எடை போட்டார். நுரையீரல் நன்றாக இருக்கிறது, வாயில் புண் இல்லை. தண்ணீர் குறைந்திருக்கிறது. தினமும் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் விடு. மற்றபடி தொடாதே, நோண்டாதே, பத்து நாளைக்கு ஒருமுறை எலி வை, தின்னாவிட்டால் எலியை எடுத்துவிடு.

"எப்ப சாப்பிடும் டாக்டர்?"

"அதுக்குத் தோணும்போது."

டிசம்பர் 25 – புதன்

அம்மா கறிக்குழம்பு வைத்தாள். எலி வைத்தேன். குழம்பு தீர்ந்தது. எலி அப்படியே இருந்தது.

டிசம்பர் 28 – சனி

தவளக்குப்பம் ஜங்ஷன் வரைக்கும் போனேன். மிதிக்காதே என்று சொன்னது வாசப்படியைத்தான், ஜங்ஷனை இல்லை. ஒரு டீ சொன்னேன். வந்தது. குடிக்கவில்லை. அருள்முருகன் வண்டி வருமா என்று ஒரு மணி நேரம் பார்த்தேன். வந்திருந்தால் என்ன கேட்டிருப்பேன்? 'உங்க வீட்டம்மா சாப்பிடறாங்களா?' – அடிதான் விழுந்திருக்கும். அடித்துவிட்டுப் பதில் சொல்லியிருந்தால் போதும்.

பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஜனவரி 3, 2025 – வெள்ளி

முருங்கப்பாக்கத்துப் பையன் ஒருத்தன், எங்கள் தெருவில் யாரோ சொல்லி, பாம்பு வாங்க வேண்டும், எது வாங்கலாம் என்று கேட்டு வந்தான். பள்ளிக்கூடம் முடித்த வயசு. கண்ணெல்லாம் மின்னுகிறது.

எதையும் வாங்காதே என்றுதான் முதலில் வாயில் வந்தது. பிறகு உட்காரவைத்துச் சொன்னேன். போன உடனே வாங்காதே. கார்டைக் காட்டச் சொல். கார்டு இல்லை என்றால் கிளம்பு. கண்ணுக்கு எதிரில் ஒருமுறை எலி வைக்கச் சொல், அடுத்த வாரம் போய் இன்னொரு முறை வைக்கச் சொல். இரண்டு தடவையும் தின்றால் பேப்பரைப் பார். எலியை வைக்க வீட்டு ஃப்ரீசரில் இடம் உண்டா என்று உன் அம்மாவைக் கேள், பாம்பைக் கேட்காதே. பாம்பு இருபது வருஷம் இருக்கும், நீ வெளிநாடு போனால் அதை என்ன செய்வாய் என்று இன்றைக்கே யோசி. கடைக்காரன் 'சாப்பிடும்' என்று சொன்னால், கடைசியாக என்றைக்குச் சாப்பிட்டது என்று கேள். அந்த ஒரு கேள்வி போதும்.

"நீங்க இதெல்லாம் பாத்துத்தான் வாங்கினீங்களாண்ணே?" என்றான்.

"நான் வாங்கல" என்றேன். "என் தலையில நானே கட்டிக்கிட்டேன்."

ஜனவரி 9 – வியாழன்

எலியைத் தொடவில்லை. ஆனால் முதல்முறையாகத் தலையைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டே இருந்தது. நாக்கை நீட்டியது. நான்கு முறை. எண்ணினேன்.

இதை யாரிடம் சொல்வது.

ஜனவரி 19 – ஞாயிறு

பொங்கலெல்லாம் முடிந்தது. மத்தியானம் போன். கலைவாணி அக்கா பேர் ஸ்கிரீனில். எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

"தம்பி."

"அக்கா."

"அது சாப்பிட்டுச்சா?"

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வேறு எதுவும் கேட்கவில்லை.

'சாப்பிட்டுச்சுக்கா, ரெண்டு எலி' – நாக்கு நுனியில் இருந்தது. எவ்வளவு சுலபம். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவர், நிம்மதியாக இருப்பார், யாருக்கும் நஷ்டமில்லை. இந்தப் பொய் புண்ணியம் என்றுகூட எவனாவது சொல்வான்.

"இல்லக்கா. இன்னும் இல்ல. எலிய உத்துப் பாக்குது. அவ்ளோதான்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.  அய்யோ, மறுபடி பட்டினியை ஆரம்பித்துவிடுவாரோ, ஒரு வேளைச் சோறு, மயக்கம் – கேட்டுவிட வேண்டும், எப்படிக் கேட்பது, நான் யார் கேட்க.

அப்போதுதான் ஒரு சத்தம் காதில் விழுந்தது. கரக் கரக் என்று. முதலில் போன்தான் கோளாறு என்று நினைத்தேன்.

"வாயில இன்னாக்கா?"

"நெல்லிக்கா. இரு, கொட்டையத் துப்பிட்டு வரேன்."

இருந்தேன்.